பாறுகளின் தொகையும் ஆயுளும் கணக்கினால் அறியப்படும் விதம்

தேன்கனிக்கோட்டை விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது

மாடு ஒன்று இறந்தால் அதனை ஊர்ப்புறத்துக் கரட்டில் இழுத்து விடுவதும், இரண்டொரு நாளில் பாறுகள் வந்திறங்கி எலும்பை மட்டும் மீதியாக்கிச் செல்வதும் நம் முன்னோர் காலத்தில் சாதாரணமாயிருந்தன. தளி, அஞ்செட்டி, உரிகம் பக்கங்களிலுள்ள முதியோரை விசாரித்தால் இதனைச் சொல்லுவார்கள். பிணந்தின்னிக் கழுகு எனப் பொதுவில் வழங்கும் இப்பறவையை நம் வட்டத்துத் தெலுங்கு பேசுவோர் ராபந்து என்றும், கன்னடம் பேசுவோர் ரணஹத்து என்றும் கூறுவர். பாறு என்பது பழந்தமிழ்ப் பெயர். அப்பறவை எங்கே போயிற்று என்று கேட்டால் ஊருக்கு ஊர் வெவ்வேறு சமாதானம் கிடைக்கின்றது. பெருமரங்கள் குறைந்து விட்டன என்பார் சிலர். செல்பேசிக் கோபுரங்களே காரணம் என்பார் வேறு சிலர். இரை கிடைக்கும் வேறு தேசத்திற்குப் போய்விட்டன என்று சொல்லுவாரும் உண்டு. இவற்றுள் எதுவும் காரணமன்று என்பதையும், உண்மைக் காரணம் நம் தொழுவத்திலேயே இருந்தது என்பதையும் வெளிப்படுத்தியது கணக்கு. அக்கணக்கு எவ்விதம் செய்யப்படுகின்றது என்பதைக் கால்நடை வைத்திருக்கும் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் தெரிந்துகொள்வது அவசியமாகையால் இங்கு எழுதலாயிற்று.

மாட்டைக் கணக்கிடுவது எளிது. தொழுவந்தோறும் சென்று எண்ணி எழுதிக்கொள்ளலாம். காட்டுப் பறவைக்குத் தொழுவமும் இல்லை, பட்டாவும் இல்லை. இன்று கண்டது நேற்றுக் கண்டதேயா, வேறொன்றா என்பது தெரியாது. ஆதலின் முழுவதையும் எண்ணாமல், ஒரு பகுதியை ஒழுங்காகப் பார்த்து முழுவதையும் உத்தேசிக்கும் முறையே கையாளப்படுகின்றது. இது நமக்குப் புதிதன்று. ஒரு பிர்க்காவின் விளைச்சலை அறிய நாம் எல்லா வயல்களையும் அறுத்து நிறுப்பதில்லை. சீட்டுப் போட்டது போல் தேர்ந்தெடுத்த சில சர்வே நம்பர்களில் 5 மீட்டர் சதுரத் துண்டு அளந்து, அதனை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று சொல்லுகிறோம். துண்டைத் தேர்ந்தெடுப்பதில் நம் விருப்பம் புகுந்துவிட்டால், அதாவது நல்ல பயிராகப் பார்த்துத் துண்டு போட்டால், கணக்கு முழுவதும் பொய்யாகும். பறவைக் கணக்கிலும் இந்த விதியே முதல் விதி.

சிறு பறவைகளின் தொகையை அறிய வளையமிடும் முறை ஒன்று உண்டு. டென்மார்க்கு தேசத்தில் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் 1899 ஆம் வருஷத்தில் மைனா இனத்துப் பறவைகளின் காலில் எண் பொறித்த இலேசான உலோக வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். ஒழுங்கான வளையமிடல் அதிலிருந்து தொடங்கிற்று எனலாம். நம் நாட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார், சலீம் அலி அவர்களின் தலைமையில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவி பெற்று 1959 முதல் இவ்வேலையைப் பெரிய அளவில் நடத்தினர். 1957 இல் மைசூர் ராஜ்யத்துக் கியாசனூர்க் காட்டில் தோன்றிய குரங்குக் காய்ச்சலை வலசைப் பறவைகள் கொண்டு வந்தனவோ என்ற ஐயமே அதற்கு ஒரு காரணம். நம் மாநிலத்தில் கோடியக்கரை இவ்வேலைக்குப் பேர்போன இடம்.

கேழ்வரகுக் கொல்லைகளில் வந்து விழும் தூக்கணாங்குருவிகளை உதாரணமாகக் கொள்வோம். சட்டப்படி அனுமதி பெற்றவர்கள் ஓர் ஏரிக்கரையில் வலை கட்டி 60 குருவிகளைப் பிடித்து வளையமிட்டு விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்க. சில நாட்கள் கழித்து அதே இடத்தில் மறுபடி 80 குருவிகளைப் பிடிக்கின்றனர். அவற்றுள் 12 குருவிகளின் காலில் வளையம் இருக்கின்றது. 80 க்கு 12 என்றால், பிடிபட்டவற்றுள் நூற்றுக்கு 15 வளையமுள்ளவை. கூட்டம் முழுவதிலும் அதே வீதம் இருக்க வேண்டும். கூட்டத்தில் வளையமிட்டவை மொத்தம் 60. 60 என்பது நூற்றுக்கு 15 ஆனால் முழுத்தொகை 400. நானூறு குருவிகளை ஒருவரும் எண்ணவில்லை. 140 ஐக் கையில் பிடித்துப் பார்த்தே இது கிடைத்தது.

இதில் சில நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன. வளையமிட்டவை மற்றவற்றுடன் நன்றாகக் கலந்திருக்க வேண்டும். இடைக்காலத்தில் கூட்டம் ஊர் மாறியிருக்கக் கூடாது. ஒரு முறை வலையில் சிக்கிய குருவி வலைக்கு அஞ்சி ஒதுங்கினால், இரண்டாம் முறையில் வளையமுள்ளவை குறைந்து, தொகை உள்ளதைவிட மிகுத்துக் காட்டும். நிபந்தனை பொய்த்தால் பெருக்கல் வகுத்தல் சரியாயிருந்தும் விடை தவறாகும்.

தொகையைவிட முக்கியமானது ஆயுள். அதாவது இவ்வருஷம் உயிரோடிருக்கும் 100 பறவைகளுள் அடுத்த வருஷம் எத்தனை உயிரோடிருக்கும் என்பது. இதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. காணப்படாத பறவை செத்தது என்று சொல்ல முடியாது. உயிரோடிருந்தும் நம் கண்ணில் படாமலிருக்கலாம். இச்சிக்கலை அவிழ்க்கும் வழியைக் கார்மாக், ஜாலி, சீபர் என்ற கணித நிபுணர்கள் 1964, 1965 ஆம் வருஷங்களில் எழுதி வைத்தனர். அவர்களுடைய சூத்திரங்கள் நீளமானவையாயினும் உட்கருத்து ஒரு திண்ணைக் கணக்கே. 100 பறவைகளுக்கு வளையமிட்டோம். முதல் வருஷ முடிவில் தேடியதில் 40 தென்பட்டன. இரண்டாம் வருஷ முடிவில் 36 தென்பட்டன. இந்த 36 பறவைகளும் முதல் வருஷ முடிவிலும் உயிரோடிருந்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் புத்தகத்தைப் புரட்டினால், அவற்றுள் 24 மட்டுமே முதல் வருஷத்தில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே முதல் வருஷத்தில் உயிரோடிருந்த மூன்றில் இரண்டு பங்கையே நாம் கண்டோம். கண்டது 40. அது மூன்றில் இரண்டு பங்கானால் உயிரோடிருந்தவை 60. நூற்றுக்கு 60 பிழைத்தன என்பது முடிவு. கண்ட 40 ஐ மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் 20 உயிர்களைச் சாகடித்துக் கணக்கெழுதியிருப்போம்.

இனிப் பாறுகளுக்கு வருவோம். தூக்கணாங்குருவி பல முட்டைகளிட்டு விரைவில் பெருகும் ஜாதி. ஒரு வருஷத்தில் பாதிக்கு மேல் செத்தாலும் மறுபருவத்தில் ஈடு செய்துகொள்ளும். பாறு அவ்விதமன்று. ஏறக்குறைய 5 வயதில்தான் இனப்பெருக்கத்திற்கு வரும். வருஷத்திற்கு ஒரே முட்டை. அடைகாத்தலும் குஞ்சு பறக்கத் தயாராவதும் சேர்ந்து 5 மாத அளவு பிடிக்கும். கூடுகளிற் பலவற்றில் அந்த ஒரு குஞ்சும் தேறுவதில்லை. இத்தகைய ஜாதி நிலைத்திருப்பது வளர்ந்த பறவைகளின் நீண்ட ஆயுளினால் மட்டுமே. 100 வளர்ந்த பறவைகளுள் வருஷந்தோறும் 95 பிழைத்தால் 10 வருஷத்திற்குப் பின் அவற்றுள் 60 இருக்கும். 85 மட்டும் பிழைத்தால் 20 தான் இருக்கும். வருஷத்திற்கு 10 உயிர் என்ற சிறு வித்தியாசம் பத்து வருஷத்தில் இவ்வளவு ஆகின்றது. கடன் வட்டி கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாறுகளைப் பிடித்து வளையமிடுவது கடினம். ஆகையால் வேறு முறை கையாளப்பட்டது. பம்பாய்ச் சங்கத்தார் 1991 முதல் 1993 வரை வடக்கு, மத்திய, மேற்குப் பகுதிகளில் குறித்த சாலைகளில் வாகனத்தில் மெதுவாகச் சென்று, கண்ட கழுகினங்களையெல்லாம் எண்ணி வைத்திருந்தனர். அப்பொழுது பாறு அழியும் என்று எவரும் நினைக்கவில்லை. பிறகு இராஜஸ்தானத்துப் பரத்பூரில், 1980 களின் பிற்பகுதியில் முந்நூற்றுக்கு மேற்பட்ட கூடுகள் இருந்த சரணாலயத்தில், கூடுகள் ஆண்டுதோறும் குறைவதை விபு பிரகாஷ் என்னும் ஆராய்ச்சியாளர் பதிவு செய்தார். அதன்பேரில் பழைய சாலைகளிலேயே, பழைய முறைப்படியே 2000, 2002, 2003, 2007 ஆம் வருஷங்களில் மறுபடி எண்ணினர். வெண்முதுகுப் பாறு 1990 களின் தொடக்கத்தில் 1000 இருந்த இடத்தில் 2007 இல் ஒன்று மட்டுமே மிஞ்சியது. கருங்கழுத்துப் பாறு வகையில் நூற்றுக்கு 97 அளவில் போய்விட்டன. 2000 முதல் 2007 வரை வெண்முதுகுப் பாறு வருஷத்திற்கு நூற்றுக்கு 43.9 வீதம் குறைந்தது. 1000 பறவைகளை அவ்வீதத்தில் குறைத்துக்கொண்டு போனால் 7 வருஷத்தில் 17 மிஞ்சும்.

அவ்வேலையின் பலம் முழுவதும் பழைய நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. 1991 இல் ஒருவர் சாலைப் பெயரும் தூரமும் எண்ணிக்கையும் எழுதி வைத்திராவிட்டால், 2000 இல் எண்ணியதை எதனோடு ஒப்பிடுவது? முன்பு நிறைய இருந்தன என்ற வாய்மொழியை எந்த அரசாங்கமும் ஆதாரமாக ஏற்காது.

மேலும், இவ்வளவு வேகமான வீழ்ச்சியே சில காரணங்களைத் தள்ளுபடி செய்துவிட்டது. கூடு கட்ட மரமில்லாமற் போயிருந்தால் குஞ்சுகள் குறைந்து, முதிர்ந்தவை தம் ஆயுள் முடியுமட்டும் இருந்து, தொகை பல வருஷங்களில் மெல்லத் தேய்ந்திருக்கும். அரைவாசிக்குக் கிட்டத்தட்ட ஒரே வருஷத்தில் மறைவதானால் வளர்ந்த பறவைகளே சாகின்றன என்பது நிச்சயம். செத்து விழுந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் வெண்படலம் படிந்திருந்தது. நோய்க்கிருமி என்று முதலில் சந்தேகித்தனர். பாகிஸ்தானத்தில் ஆராய்ந்த ஓக்ஸ் என்பாரும் அவருடைய கூட்டாளிகளும் 2004 இல் உண்மையை வெளியிட்டனர். மாட்டுக்கு வலியும் காய்ச்சலும் தணிய ஊசி மூலம் கொடுக்கப்படும் டைக்லோஃபெனாக் என்ற மருந்தே அந்த விஷம். ஊசி போட்டுச் சில நாட்களுக்குள் இறந்த மாட்டின் இறைச்சியைத் தின்ற பாறு சிறுநீரகம் செயலற்று மடிகின்றது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உடனே எழுந்தது. எத்தனை மாடுகளுக்கு ஊசி போடுகிறார்கள், அவற்றுள் எத்தனை உடனே சாகின்றன, கொஞ்சம் மாடுகளால் நாடு முழுவதும் உள்ள பாறுகள் எவ்விதம் அழியும் என்பது அவ்வாதம். நம் வட்டத்திலும் இவ்விதம் கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். இதற்கு விடை கூறியவர் கிரீன் என்ற ஆங்கிலேயரும் அவரோடு சேர்ந்தவர்களும். பாறுகளின் ஆயுள் வீதத்தையும் குறைவு வீதத்தையும் வைத்துக் கணக்கிட்டு, 130 பிணங்களுக்கு ஒன்று முதல் 760 பிணங்களுக்கு ஒன்று வரை விஷமுள்ளதாயிருந்தாலே கண்ட அழிவு முழுவதும் நேரும் என்று 2004 இல் காட்டினர்.

இது நம்புதற்கரியதாகத் தோன்றும். நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு பாறு 3 நாளைக்கு ஒரு தரம் வயிறார உண்கின்றது என்று கொள்வோம். வருஷத்தில் 120 தரம். 300 பிணங்களில் ஒன்று விஷமுள்ளது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தரம் உண்டு தப்புவதற்கு 300 இல் 299 பங்கு வாய்ப்பு. ஆபத்து அற்பமே. ஆனால் 120 தரமும் தொடர்ந்து தப்ப வேண்டும். 299 ஐ 300 ஆல் வகுத்து வந்த பின்னத்தை 120 முறை பெருக்கினால் 0.67 வரும். நூற்றுக்கு 67 பிழைக்கும், 33 சாகும். வருஷத்திற்கு 10 அதிகம் செத்தாலே தாங்காத ஜாதிக்கு 33 என்றால் என்ன ஆகும்? அன்றியும், ஒரு பிணத்தில் பல பாறுகள் கூடி உண்பதனால் ஒரு மாடு ஒரு கூட்டத்தையே கொல்லக்கூடும். உண்மை நிலைமையோ இதனினும் கேடாயிருந்தது. 2004, 2005 ஆம் வருஷங்களில் இந்தியாவில் பல இடங்களில் 1848 கால்நடைப் பிணங்களின் ஈரலைச் சோதித்ததில் நூற்றுக்கு 10 வீதத்தில் அம்மருந்து காணப்பட்டது.

2006 இல் கால்நடைகளுக்கு டைக்லோஃபெனாக் தடை செய்யப்பட்டது. மனிதருக்கென்று விற்ற பெரிய சீசாக்களை மாட்டுக்குப் போடும் வழக்கம் தொடர்ந்தமையால், 2015 இல் மனித ஊசி மருந்து 3 மில்லிலிட்டர் கொண்ட ஒரு வேளைச் சீசாவாக மட்டுமே விற்கப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. மருந்துக் கம்பெனியார் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2017 இல் தள்ளிற்று. 2023 இல் கீட்டோப்ரொஃபென், அசிக்லோஃபெனாக் இரண்டும், 2024 ஆம் வருஷக் கடைசியில் நிமெசுலைடும் கால்நடைகளுக்கு விலக்கப்பட்டன. மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கற்றது என்று சோதனையால் நிரூபிக்கப்பட்டது. டோல்ஃபெனாமிக் அமிலமும் அவ்விதமே. மாட்டின் வலிக்கு இவை போதுமானவை.

நம் வட்டத்திற்கு இவ்விஷயம் தூரத்துச் செய்தியன்று. வடமேற்கே, ஆகாய வழியில் 60 கிலோமீட்டர் அளவில், கர்நாடகத்து ராமநகரக் குன்றில் கருங்கழுத்துப் பாறுகளுக்கென்று 2012 இல் சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது. அங்கு எஞ்சியுள்ளவை கைவிரல் விட்டு எண்ணத்தக்க சில. ஒரு நாளில் 100 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வல்ல பறவைக்குத் தளியும் தேன்கனிக்கோட்டையும் அடுத்த தெரு. தென்மேற்கே காவிரிக் காடுகள் மாதேசுவரன் மலை, சத்தியமங்கலம் வழியாக மாயாற்றுப் பள்ளத்தாக்குவரை தொடர்கின்றன. அப்பள்ளத்தாக்கில் நீர்மருது மரங்களின் மேல் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. எனவே அஞ்செட்டிப் பட்டியில் மாட்டுக்குப் போடும் ஊசி மாநில எல்லைக்குள் நிற்பதன்று.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றின் வன இலாகாக்களும் சேர்ந்து, ஒரே நாட்களில், ஒரே வேளையில், குறித்த இடங்களில் ஆட்களை நிறுத்திப் பாறுகளை எண்ணி வருகின்றன. 2023 பெப்ருவரியில் 246, அவ்வருஷம் டிசம்பரில் 320, 2024 டிசம்பரில் 390 என்று தொகை வந்தது. சந்தோஷிக்கத்தக்க செய்தி என்று பத்திரிகைகள் எழுதின. எனினும் மேலே கண்ட கணக்கை இதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். 246 இல் 150 முதிர்ந்தவை என்று தாராளமாகக் கொண்டால் 75 ஜோடி. ஜோடிக்கு ஒரு முட்டை. பாதிக்குச் சற்று மேல் தேறினால் 40 குஞ்சு. சாவு ஒரு 12 போக மிச்சம் 28. ஆனால் கணக்கில் கூடியது 74. ஆகவே கூடியதில் பெரும்பகுதி பிறப்பினால் வந்ததாக இருக்க முடியாது. எண்ணுவோரின் பழக்கம் கூடியிருக்கலாம், நிற்கும் இடங்கள் நன்றாக அமைந்திருக்கலாம், வேறிடத்துப் பறவைகள் வந்திருக்கலாம், ஒரே பறவை இரண்டிடத்தில் எண்ணப்பட்டிருக்கலாம். எண்ணியவர்களைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. பத்து வருஷம் இவ்விதமே எண்ணினால்தான் ஏற்றம் மெய்யா என்பது விளங்கும்.

பாறு போனதால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்களுக்கும் கணக்கு விடை சொல்லுகின்றது. ஃபிராங்கு, சுதர்சன் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் முன்பு பாறுகள் மிகுந்திருந்த ஜில்லாக்களையும், முன்பிருந்தே குறைவாயிருந்த ஜில்லாக்களையும் ஒப்பிட்டு 2024 இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். பாறுகள் மறைந்த பின் முதல்வகை ஜில்லாக்களில் மனித மரணம் நூற்றுக்கு 4 க்கு மேல் கூடியது என்றும், 2000 முதல் 2005 வரை வருஷத்திற்குச் சுமார் ஒரு லட்சம் பேர் அதிகமாக இறந்தனர் என்றும் அவர்கள் கண்டனர். அழுகும் பிணங்களால் நீர் கெடுவதும், நாய்கள் பெருகி வெறிநோய் பரவுவதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

குடியானவர்கள் செய்யத்தக்கது அதிகமில்லை. கால்நடை வைத்தியர் அல்லது ஊசி போட வருபவர் எடுக்கும் சீசாவின் பெயரை வாசித்துப் பார்த்து, மெலாக்சிகாம் கேட்டு வாங்குக. மருந்துக் கடையில் மனிதருக்கான சீசாக்கள் நாலைந்தை வாங்கி ஒரே மாட்டுக்குப் போடச் சொல்பவரின் யோசனையைக் கேட்க வேண்டாம். விலக்கப்பட்ட மருந்து ஏறிய மாடு சில நாட்களுக்குள் இறந்தால் அதனைக் கரட்டில் போடாமல், நாய் தோண்டாதபடி ஆழக் குழியெடுத்துப் புதைக்க வேண்டும். ஆட்டைக் கொன்ற சிறுத்தைக்கென்று பிணத்தில் பூச்சிமருந்து வைப்பது சட்டத்திற்கு விரோதம் என்பதோடு, அது சிறுத்தையைவிடப் பாறுகளையே அதிகமாகக் கொல்லும்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடங்கலுக்குப் பயிர் பார்க்கப் போகும் நாட்களில் கையில் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொண்டு, தேதி, நேரம், இடம், வானத்தைப் பார்த்த நிமிஷம் எவ்வளவு, கண்ட பாறு எத்தனை என்று ஐந்து பத்தி போட்டு எழுதி வருக. பருந்தையும் பாறையும் மயங்காதிருக்க வேண்டும். பருந்தின் வால் நடுவில் பிளந்திருக்கும். பாறு அதனினும் மிகப் பெரிது, வால் குட்டை, சிறகடிக்காமல் நெடுநேரம் வட்டமிடும். ஒன்றுமே காணாத நாளில் அப்பத்தியைக் காலியாக விடாமல் 0 என்று எழுத வேண்டும். காலிப் பத்தியைப் பார்ப்பவனுக்கு அன்று பார்க்கவில்லையா, பார்த்தும் இல்லையா என்பது தெரியாது. 0 இருந்தால்தான் அந்நாளும் கணக்கில் சேரும். ஆறு மாதத்திற்கு ஒரு முறை அதன் நகலைத் தேன்கனிக்கோட்டை வனச்சரக அலுவலகத்தில் சேர்ப்பிக்கலாம். அசல் நோட்டைக் கிராமக் கணக்குகளுடன் வைத்து, மாற்றலாகிப் போகும்போது அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துச் செல்க.